எந்தப் பறவையும் கூடு கட்டுவதில்லை

மடைக்குப் பக்கத்தில் ஜேசிபி உறுமிக்கொண்டு நின்றது. பாசனச் சங்கத் தலைவர் பேயாண்டி என் கையில் தேங்காயைக் கொடுத்து, நான்தான் உடைத்து வேலையைத் தொடங்கிவைக்க வேண்டும் என்றார். கண்மாயில் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுக்கச் சொல்லி மனு எழுதியவள் நான். பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். பழங்காநத்தத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் பறவைக் கழகத்துக்குச் செயலாளர். மூன்று வருடம் அலைந்து வாங்கிய உத்தரவு, பெருமை இல்லாமல் இருக்குமா? நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

தேங்காயை ஓங்கும்போதுதான் கண்மாயின் நடுவே கண் போனது. அங்கிருந்த மரங்கள் துணி காயப்போட்டதுபோல் வெள்ளையாக இருந்தன. பையிலிருந்து பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். கொக்கு, அரிவாள் மூக்கன். மரத்துக்குப் பத்துக் கூடு குறையாது. கூடு நிறைய இறகு முளைக்காத குஞ்சுகள்.

மனுவின் நாலாவது பத்தி எனக்கு மனப்பாடம்: "இம்மரங்களில் எந்தப் பறவையும் கூடு கட்டுவதில்லை." எழுதியது மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம், கண்மாய் வெடித்துக் கிடந்தபோது. பார்த்ததைத்தான் எழுதினேன். மழைக்குப் பிறகு ஒருதரம் வந்து பார்த்திருக்க வேண்டாமா? ஜனவரிதோறும் நீர்ப்பறவைகளை எண்ணி வெளிநாட்டு அமைப்புக்கு அனுப்புகிறவர்கள் நாங்கள். இங்கே பறவை இல்லை என்று நானே எழுதிவிட்டதால், போன மாதம் எண்ணியபோதும் இந்தக் கண்மாயைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. என் எழுத்தை நானே நம்பிய லட்சணம் அது.

கழகத் தலைவர் சாம்பசிவம் சாருக்குப் போன் செய்தேன். வங்கியில் முப்பது வருடம் இருந்தவர், நிதானமாகத்தான் பேசுவார். இன்னும் இரண்டு கண்மாய்களுக்கு இதேபோல் மனு போட்டிருப்பதை நினைவுபடுத்தினார்.

"நீயா போய் அது தப்புன்னு சொன்னா, மத்த ரெண்டையும் யாரும்மா படிப்பா? பேசாம கிளம்பி வந்துடு."

கிளம்பிவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. தேங்காய்க்குக் காத்திராமல் ஜேசிபி கரையோர மரம் ஒன்றைச் சாய்த்து ஓரமாகத் தள்ளியது. அதில் கூடு இல்லை. அடுத்த வரிசையும் பரவாயில்லை. சாயங்காலத்துக்குள் நடுமரங்களுக்குப் போய்விடும். தேங்காயைப் பேயாண்டியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பைனாகுலரையும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"தெரியும் டீச்சர், தை மாசத்துலருந்து கெடக்கு. நீங்க படிச்சவுக, யோசிச்சுத்தான் எழுதியிருப்பீகன்னு இருந்தேன்."

இதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம். குஞ்சுகள் பறக்க இன்னும் ஒன்றரை மாதம் ஆகும் என்று சொன்னேன். மார்ச்சோடு உத்தரவு காலாவதி, அப்புறம் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும் என்றார் அவர். தூர்ந்த கண்மாயில் தண்ணீர் நிற்காமல் கடைமடையில் மூன்று வருடமாக நாற்று நடவில்லை. அந்தக் கடைமடையில்தான் அவருடைய வயலும் இருக்கிறது. எனக்குத் தெரியாத விஷயமில்லை. மனுவின் முதல் பத்தியே அதுதான்.

அவர் கரைமேல் கொஞ்ச தூரம் நடந்துபோய் வயல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, தான் வாய்வார்த்தையாக நிறுத்தினால் ஊர் தன்னைத்தான் கேட்கும், எழுத்தில் வேண்டும் என்றார். பையில் விடைத்தாள் கட்டு இருந்தது. அதில் எழுதாத தாள் ஒன்றைப் பிரித்தெடுத்தேன். நாலாவது பத்தி தவறு, முழுப் பொறுப்பும் என்னுடையது, குஞ்சுகள் பறக்கும்வரை வேலையை நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத எழுதச் சாம்பசிவம் சாரின் முகம் வந்து வந்து போனது. பேயாண்டி வாங்கி, உதட்டை அசைத்துப் படித்தார். பிறகு தாளை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"இந்த வருசமும் எங்களுக்குத் தண்ணி இல்ல. அதையும் எழுதுங்க டீச்சர். யார் யாருக்கு இல்லைன்னு பேர் போட்டு எழுதுங்க."

கையெழுத்துக்குக் கீழே இடம் இருந்தது. அவர் கையைக் காட்ட, டிரைவர் இன்ஜினை நிறுத்தினான். கரையில் உட்கார்ந்து தாளை மடியில் வைத்துக்கொண்டேன். மலையாண்டி, ஒன்றரை ஏக்கர். பாண்டியம்மாள், முக்கால். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இன்ஜின் நின்ற பிறகுதான் குஞ்சுகளின் சத்தம் கேட்டது. கண்மாய் முழுக்க ஓயாத இரைச்சல். கடைசியாக அவர் சொன்ன பெயர் எனக்குக் காதில் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் கிட்ட வந்து குனிந்து, தன் பெயரை இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னார்.