உரம் எடுக்கப் போன குழந்தை

குழந்தையின் தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, யாரோ பிடித்து வேகமாக உலுக்கியிருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னதுமே எவாஞ்சலினுக்கு ஒரே ஒரு முகம்தான் கண்ணில் வந்து நின்றது. கிளியம்மாள். பிள்ளைப்பாக்கத்தில் எந்தக் கைக்குழந்தைக்கு உரம் விழுந்து கழுத்துப் பிடித்துக்கொண்டாலும், சேலையில் போட்டு உருட்டி எடுத்துவிடுகிறவள் அவள்தான். அன்றைக்கும் எவாஞ்சலினின் புருஷன் டெனிசன், கைக்குழந்தை தாவீதை அவளிடம்தான் தூக்கிப் போயிருந்தான்.

எவாஞ்சலினுக்கு ஒரகடம் கார் கம்பெனியில் பகல் ஷிஃப்ட். டெனிசனுக்கு மறைமலை நகரில் நைட். இவள் கம்பெனி பஸ்சுக்கு ஓடும்போது அவன் வந்து சேருவான், வாசலிலேயே பிள்ளை கை மாறும். நல்ல மனுஷன்தான், பிள்ளையென்றால் உயிர். ஆனால் தூக்கம் என்கிற ஒன்று அவனுக்குப் பல வாரமாகக் கிடையாது. ஊரே கார் கார் என்று செய்து தள்ளுகிறது, ஒரு தகப்பன் கண்ணை மூட மட்டும் வழியில்லை.

சர்ச்சில் பழக்கமான வக்கீல் ஜெபதாஸ் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரிலருந்தே போலீசுக்குச் சொல்லிட்டாங்கம்மா. ஸ்டேட்மெண்ட் குடுத்துத்தான் ஆவணும். அந்தப் பொம்பள மேல கிரிமினல் கேஸ் போடலாம், தனியா நஷ்டஈடும் கேக்கலாம். பேரைச் சொல்லிடு, மத்தத நான் பாத்துக்கறேன்."

டெனிசன் வேகமாகத் தலையாட்டினான்.

கிளியம்மாள் ஆஸ்பத்திரி கேட்டருகே வந்து நின்றிருந்தாள். எவாஞ்சலின் அவள் மேல் பாய்ந்தாள்.

"எம்புள்ளைய இன்னா பண்ணே?"

"நான் சேலையிலயே போடலம்மா. உரம் விழுந்த புள்ள தொட்டாலே வீல்னு கத்தும். இது துவண்டுபோய்க் கெடந்திச்சு. ஆஸ்பத்திரிக்கு ஓடுடான்னு உம்புருஷனை வெரட்டினேன்."

பொய் சொல்கிறாள் என்றுதான் முதலில் பட்டது. சொல்லமாட்டாளா பின்னே! ஆனால் கேன்டீன் பிரேக்கில் டெனிசன் போனில் பேசியது நினைவுக்கு வந்தது. "காலைலருந்து ஒரே கத்தல். இப்பதான் அடங்கித் தூங்கறான்" என்றான். அப்பாடா என்று போய் இவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். அந்தச் சோற்றை நினைத்தால் இப்போது குமட்டியது.

தூங்குகிற பிள்ளையை யாராவது உரம் எடுக்கத் தூக்கிப் போவார்களா?

ஐசியூ வாசலில் அவனை ஓரமாக இழுத்துப் போய் அதையேதான் கேட்டாள். அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"கத்திக்கினே இருந்தாண்டி. சும்மா இருடான்னு ரெண்டு தபா உலுக்குனேன். அவ்ளோதான். வேணும்னேவா பண்ணேன்? ஒடனே அடங்கிட்டான். தூங்கறான்னுதான் நெனச்சேன். அப்புறம் எழுப்பினா எழுந்துக்கல. அந்தம்மா உருட்டுனா சரியாயிடும்னு..."

"சரியாவலன்னா பழி அவ மேல போவும்னு நெனச்சியா?"

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவளுக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, மடியில் போட்டுத் தூங்க வைக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாவீது தலையில் கட்டோடு கிடந்தான்.

ஸ்டேஷனிலிருந்து வந்த பெண் போலீஸ் பேனாவைத் திறந்தார். கிளியம்மாள் பெயரைச் சொல்லச் சொல்லி ஜெபதாஸ் கண்ணைக் காட்டினார். கேட்டருகே அந்தக் கிழவி இன்னும் போகாமல் நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

"யார் மேலம்மா கம்ப்ளைண்ட்?"

"டெனிசன், மேடம்."

"உனக்கு இன்னா வேணும் அவரு?"

எவாஞ்சலின் புருஷனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"எம்புள்ளைக்கு அப்பா," என்றாள்.