ரத்தான சாவி

விடியற்காலை ஆறு மணிக்குப் பதினான்கு பிரஸ்களும் ஒன்றாக இரையத் தொடங்கின. பேருந்துக் கதவுகளுக்குக் கீல் அடிக்கும் கூடம் அது. எண்ணெய் பூசிய தகட்டை இடக் கையால் உள்ளே தள்ள வேண்டும். மிதியை அழுத்த வேண்டும். எண்பது டன் பளு இறங்கி ஏறும் இடைவெளிக்குள் அடிபட்ட துண்டை வலக் கையால் எடுத்துக் கூடையில் போட வேண்டும். நிமிடத்துக்குப் பதினெட்டு துண்டு. ஏழு மணிக்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெயில் ஏறுவதற்கு முன் அங்கே சத்தம் ஏறிவிடும்.

நாலாம் நம்பர் பிரஸ்ஸில் ஒரு புதுப்பெண் நின்றாள். மூன்று வாரம் முன்புவரை அங்கே நின்றவள் வெள்ளானூர் தாயம்மா. கை உள்ளே இருந்தால் பளுவை நிறுத்துவதற்கு எல்லாப் பிரஸ்ஸிலும் சென்சார் உண்டு. அது அடிக்கடி நிறுத்தி உற்பத்தியைக் குறைக்கிறது என்று, ஒரு சின்ன ஒயரை மாட்டி அதை ஏமாற்றி வைத்திருந்தது நிர்வாகம். தாயம்மாவின் வலக் கையில் இரண்டு விரல்கள் போயின. பக்கத்து பிரஸ்ஸில் நின்ற பச்சையப்பன்தான் தன் சட்டையைக் கழற்றி அவள் கையைச் சுற்றினான். அவன்தான் அந்த ஒயரையும் கண்ணால் பார்த்தவன்.

பச்சையப்பன் சங்கத்தின் செயலாளர். பதினோரு வருடமாகச் சங்கத்தின் மனுக்கள் எல்லாம் அவன் கையெழுத்தில்தான். முத்து முத்தான எழுத்து. "அண்ணாத்தே எழுதினா ஆபீசருங்க படிக்காம வைக்க மாட்டாங்கோ" என்று பிரஸ் கூடத்தில் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது அவன் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்வான். உள்ளே இனிக்கும்.

விபத்துப் புகாரையும் அவனே எழுதினான். அதைப் படமெடுத்துச் சங்கக் கமிட்டியின் பதினோரு பேருக்கும் மெயிலில் அனுப்பினான். ஷிப்ட் அறிவிப்புக்காகக் கம்பெனியே கொடுத்திருந்த மெயில் முகவரி எல்லோருக்கும் உண்டு, அதில்தான் அனுப்பினான். மறுநாளே மேனேஜர் அந்தப் புகாரின் மூன்றாவது பத்தியை வரி மாறாமல் சொல்லிக்காட்டிச் சிரித்தார். அடுத்த வாரம், சங்கத்துக்காக வாதாடும் கொரட்டூர் வக்கீல் நிவேதிதாவுக்குப் பச்சையப்பன் பெயரில் ஒரு மெயில் போயிருந்தது. 'தாயம்மாவின் கவனக்குறைவே காரணம். புகாரைத் திரும்பப் பெறுகிறோம்.' அனுப்பிய முகவரியில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

நிவேதிதா கமிட்டியைக் கூப்பிட்டுப் பேசினாள். "இனிமே எனக்குப் பூட்டின மெயில், கையெழுத்துப் போட்ட மெயில் மட்டும்தான் வரணும். கம்பெனி முகவரியைத் தொடவே தொடாதீங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒருத்தர் வாங்க, நான் சொல்லித் தர்றேன்."

அத்தனை தலைகளும் ஜமீலா பக்கம் திரும்பின. பேக்கிங்கில் லேபிள் அச்சடிப்பவள், ஆவடிக்காரி. பச்சையப்பன் பக்கம் ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

அன்றைக்குப் பிடித்தது அவனுக்கு அந்த எரிச்சல்.

ஜமீலா ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொண்டு வந்தாள். டீக்கடையில் அவளைச் சுற்றிக் கூட்டம். "பூட்டின மெயில்னா இன்னாக்கா?" என்று பிரஸ் கூடத்துத் திருமுருகன் கேட்க, அவள் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் வரைந்து காட்டினாள். பச்சையப்பன் நாலடி தள்ளி நின்று டீயை ஊதிக்கொண்டே இருந்தான். ஆறிப்போன டீயை எவ்வளவு நேரம்தான் ஊதுவது. அவள் அனுப்பிய முதல் மெயிலின் நகலை வாங்கிப் படித்தான். 'விரள்' என்று எழுதியிருந்தாள். "பள்ளிக்கூடத்துல ல, ள சொல்லிக் குடுக்கலியாமா?" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "தப்புதாண்ணே, திருத்திடறேன்" என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். அது அவனை இன்னும் எரித்தது.

பிறகு தாயம்மாவின் வாக்குமூலம். அதை எழுத அவன் வெள்ளைத்தாளும் புதுப் பேனாவும் வாங்கி வைத்திருந்தான். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வெள்ளானூருக்குப் போனால், வாசலில் ஜமீலாவின் ஸ்கூட்டி. உள்ளே, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தாயம்மா சொல்லச் சொல்ல ஜமீலா தட்டிக்கொண்டிருந்தாள்.

"வா அண்ணே, குந்து. ஜமீலா அக்கா எல்லாம் எழுதிடுச்சி" என்றாள் தாயம்மா.

சட்டை என்னுடையது. ரத்தம் என் மேல் பட்டது. கதை எழுத மட்டும் இவளா? பச்சையப்பன் அப்படித்தான் நினைத்தான். நினைத்ததற்கு வெட்கப்பட்டான். வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடியும் நினைத்தான். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்தான்.

மறுநாள் மத்தியானம் மகளின் லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மனைவி சாவித்திரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு அத்தப் போட்டு நோண்டிகினு கீற? ஜமீலாவாண்ட கேட்டா அஞ்சு நிமிட்ல சொல்லிட்டுப் போவுது."

"அவ இன்னா பெரிய இவளா? எனுக்குத் தெரியாதா?"

இரண்டரை மணி நேரம் ஆனது. புது மெயில் முகவரி போட்டான். வீடியோவில் ஒருவன் சொன்னபடி அழுத்தி அழுத்தி, கடைசியில் திரையில் அவன் பெயரில் ஒரு சாவி உருவாகிவிட்டது. அதை எல்லோருக்கும் அனுப்ப வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். பட்டியலில் இரண்டு மூன்று வழிகள் இருந்தன. ஒன்றை அழுத்தினான். கோப்புக்குக் கடவுச்சொல் கேட்டது, கொடுத்தான். வாங்குகிறவர்கள் திறக்கத் திணறக்கூடாதே என்று, அந்தக் கடவுச்சொல்லையும் மெயிலிலேயே எழுதினான். புது முகவரிகள் இன்னும் பாதிப்பேருக்கு இல்லை. அந்த அவசரத்தில் வக்கீல் சொன்னதை மறந்து, கம்பெனி முகவரிகள் இருந்த பழைய பட்டியலைத் தேர்ந்து அனுப்பிவிட்டான். 'தோழர்களுக்கு, என் சாவி இத்துடன்.' ஜமீலாவின் பெயர் அந்தப் பட்டியலில் ஐந்தாவதாக இருந்ததைப் பார்க்க அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் ஜமீலா பேக்கிங் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பச்சையப்பன் முதுகைக் காட்டி நின்று காதை மட்டும் கொடுத்தான்.

"சாவி ரெண்டு வரும். ஒண்ணு ஊருக்கே குடுக்கறது. அத்த வெச்சி யாரு வேணா நமக்குப் பூட்டி அனுப்பலாம். இன்னொண்ணு ரகசியச் சாவி. தொறக்கறதும் அதாலதான், கையெழுத்துப் போடறதும் அதாலதான். அத்த எவனுக்கும் அனுப்பாதீங்கோ. ஃபைல் பேர்லயே 'சீக்ரெட்'னு போட்டிருக்கும். அத்த அனுப்பினா, நம்ம கைய வெட்டி மொதலாளியாண்ட குடுத்த மாதிரி. நம்ம பேர்ல இன்னா வேணா எழுதிக் கையெழுத்துப் போட்டுக்குவான்."

பச்சையப்பனின் கை டம்ளரோடு நின்றது. அந்தக் கோப்பின் பெயர் அவன் கண்முன் வந்தது.

மிச்ச ஷிப்ட் முழுக்க அவன் பளு இறங்குவதையும் ஏறுவதையும் மட்டும் பார்த்தான். பழைய முகவரியைக் கமிட்டிக்காரர்கள் இப்போது திறப்பதே இல்லை. ஜமீலாகூடத் திறக்கவில்லை போல. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அதைத் திறந்து பார்க்கிறவர்கள் மாடியில், நிர்வாக அறையில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் முன்னால் பேச்சுவார்த்தை. வக்கீலிடம் சொல்லலாம். திருமுருகனிடம் சொல்லலாம். ஆனால் அந்தச் சாவியை எப்படிக் கொல்வது என்று அந்தக் கூடத்தில் தெரிந்தவள் ஒருத்திதான்.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கே கேட்டுக்கு வெளியே நின்றான். ஜமீலா ஸ்கூட்டியை நிறுத்தினாள்.

"ஜமீலா, ஒரு தப்பு நடந்துபோச்சி."

எல்லாவற்றையும் சொன்னான். கடவுச்சொல்லையும் சேர்த்தே அனுப்பியதை மறைக்கவில்லை. அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பழைய லிஸ்டுக்கா? கம்பெனி மெயிலுக்கா?"

"ஆமா."

"அறிவு கீதா அண்ணே உனுக்கு? தாயம்மா கேஸு இது! ஒரு வார்த்த என்னாண்ட கேக்கக்கூடாதா?"

"மனசு வர்ல."

"ஏன்?"

ஷிப்டுக்குப் போகிறவர்கள் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். பச்சையப்பன் தரையைப் பார்த்தான். "பொறாம. எல்லாரும் உன்னாண்டயே வந்து கேக்கறாங்கோ. என் வயிறு எரிஞ்சிச்சி."

ஜமீலா ஹெல்மெட் வாரை இறுக்கினாள். பிறகு வண்டியைத் திருப்பினாள். "அந்த லேப்டாப்பு ஊட்லதான கீது? ஏறு."

அரை நாள் லீவு என்று திருமுருகனிடம் சொல்லியனுப்பிவிட்டுப் போனார்கள். பச்சையப்பன் வீட்டுச் சமையலறை மேடைமேல் லேப்டாப்பை வைத்து, ஜமீலா வழி சொன்னாள், அழுத்தியது அவன். அவளே செய்திருக்கலாம், செய்யவில்லை. 'இந்தச் சாவியை ரத்து செய்யவா?' என்று இயந்திரம் இரண்டு தரம் கேட்டது. பெயருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு குறி விழுந்தது. "இனிமே இத்த வெச்சி எவன் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது" என்றாள். நடந்ததை அவன் தன் கையால் தாளில் எழுதினான்: எந்த மெயில், எந்த நாள், யார் யாருக்கு, எந்த நேரத்தில் ரத்து. நிவேதிதா அதை அன்று பகலிலேயே ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. மாடி அறையில் முதலாளி ஹேமநாதன், மேனேஜர், ஆய்வாளர். எதிரே நிவேதிதா, பச்சையப்பன், ஜமீலா, தாயம்மா. கீழே பிரஸ்களின் அதிர்வு மேஜைக் கண்ணாடியில் நடுங்கியது.

"சென்சார் எல்லாம் பக்காவா இருக்கு சார். அந்தம்மாதான் அவசரத்துல ஒயரை மாட்டியிருக்காங்க" என்றார் ஹேமநாதன்.

"நான் எதுக்கு சார் மாட்டப் போறேன்? எனுக்கு விரல் வேணாமா?" என்றாள் தாயம்மா.

ஹேமநாதன் அவளைப் பார்க்கவே இல்லை. ஒரு தாளை ஆய்வாளர் பக்கம் நகர்த்தினார். "நான் சொல்லலை. சங்கச் செயலாளரே சொல்றார். நேத்து சாயந்தரம் உங்களுக்கும் எனக்கும் மெயில் போட்டிருக்கார். தாயம்மா மாட்டினதைப் பார்த்தேன்னு. போன தடவை மாதிரி போலின்னு சொல்ல முடியாது. டிஜிட்டல் கையெழுத்து இருக்கு. எங்க ஐடி ஆளு அவர் சாவியை வெச்சே சரிபார்த்துட்டான். என்ன பச்சையப்பன், உன் சாவிதானே?"

பச்சையப்பன் எழுந்தான். நிவேதிதா பேச வாயெடுத்தாள். அவன் கையைக் காட்டினான்.

"என் சாவிதான் சார். அத்த வெளிய வுட்டது நான்தான். கத்துக்கினு இருக்கறவன், கர்வத்துல யாரையும் கேக்காம தப்பான ஃபைல அனுப்பிட்டேன். என் தப்பு. ஆனா புதன்கெழம காலைலயே அத்த ரத்து பண்ணியாச்சி. ஐயா ஆபீசுல முத்திர போட்ட காயிதம் கீது. இந்த மெயிலு வந்தது வியாழக்கெழம சாயந்தரம். செத்துப்போன சாவியால எவனோ கையெழுத்துப் போட்டுக்கறான். உங்க ஐடி ஆளு வெச்சிப் பாத்தது ரத்துக்கு முந்தின நகலு."

"யாரோ உங்க ஆளே போட்டிருப்பான்."

"அப்டியா? நான் அந்த ஃபைல அனுப்பினது பதினோரு பேருக்கு. பதினொண்ணும் நீங்க குடுத்த கம்பெனி மெயிலு. கமிட்டில எவனும் அத்தத் தொறக்கறதில்ல. எவனாச்சும் தொறந்திருந்தா, எந்த மிஷின்லேர்ந்து தொறந்தான்னு உங்க ஐடி ஆளு சொல்லட்டும். ஐயா முன்னால சொல்லட்டும்."

மேனேஜர் தண்ணீர்க் குவளையை எடுத்தார். ஹேமநாதன் தாளைத் திரும்ப இழுக்கப் போனார். ஆய்வாளர் அதன்மேல் கையை வைத்தார். "இது இருக்கட்டும் சார். திங்கட்கிழமை நான் வந்து பதினாலு பிரஸ்ஸையும் பார்க்கிறேன். மெயில் விவகாரமும் அறிக்கையில வரும்."

அதற்கு மேல் அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. சாயந்தரம் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். ஒழுங்கு மீறலுக்காகப் பச்சையப்பனும் ஜமீலாவும் தற்காலிக வேலை நீக்கம்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. பிரஸ் கூடத்துக்குள் போனவர்கள் ஒயரைக் கழற்றாமல் மிதியைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். திருமுருகன் முதலில் வந்தான். நாலாம் நம்பரில் நின்ற புதுப்பெண்ணும் வந்தாள். கேட்டுக்கு எதிரே லாரிகள் நிற்கும் புங்கமரத்தடியில் அறுபது பேருக்கு மேல் உட்கார்ந்தார்கள். ஹேமநாதனின் கார் வந்தது. கண்ணாடி பாதி இறங்கியது.

"அந்த ரெண்டு பேருக்காக எல்லாரும் வேலையை இழக்கப் போறீங்களா?"

"ரெண்டு பேருக்காவ இல்ல சார், எங்க கைக்காவ" என்றான் திருமுருகன். கண்ணாடி ஏறியது.

உட்கார்ந்திருந்த நேரத்தை வீணாக்கவில்லை. தங்கள் தங்கள் போனிலேயே ஒவ்வொருவரும் சாவி போட்டார்கள். ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கைரேகை உண்டு. நாற்பது எழுத்தும் எண்ணுமாக. அதை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் தன் திரையில் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இன்னாருடையது என்று உறுதியாகும். தாயம்மா இடக் கையால் தடவித் தடவித் தன் சாவியை உருவாக்கிவிட்டு, "ஜமீலாக்கா, மொதல்ல என்னுத சரிபாரு" என்றாள்.

பச்சையப்பனுக்குச் சுருக்கென்றது. அது இன்னும் போகவில்லை. போய்விட்டது என்று அவன் யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. இருந்த இடத்திலிருந்து நகர்ந்து ஜமீலாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"நீ ஸ்க்ரீனப் பாரு. நான் படிக்கறேன்" என்றான்.

"உன் கொரலு கணீர்னு இருக்கும். படி அண்ணே" என்று ஜமீலா நகர்ந்து இடம் விட்டாள்.

அவன் தாயம்மாவின் போனை வாங்கி, வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு, மனு படிக்கிற குரலில் நாலு நாலாகப் படித்தான். "சரி" என்றாள் ஜமீலா. "சரி" என்றாள் தாயம்மா. அந்தப் பக்கம் திருமுருகன் புதுப்பெண்ணுடையதைப் படித்துக்கொண்டிருந்தான். இன்னும் ஐம்பது பேருக்கு மேல் மீதி இருந்தார்கள். எண்களும் எழுத்துகளும் ஒன்றோடொன்று கலந்து மரத்தடி முழுக்க ஓடின. கேட்டுக்கு உள்ளே பதினான்கு பிரஸ்களும் நின்றிருந்ததால், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.