ஒரே படத்தில் அடங்காத வீடு

செங்கல்பட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஏசுதாஸ் இன்னும் ஓரடி பின்னால் போகப் பார்த்தார். எதிர்வீட்டுச் சுவர் முதுகில் இடித்தது. கேமராவுக்குள் ஜெகதாம்பாள் தெரிந்தாள், வாசற்படி தெரிந்தது. வீட்டின் இரண்டு ஓரங்களில் நின்ற அவளுடைய மகன்கள் தெரியவில்லை.

எரிச்சலாக வந்தது. எழுபத்தொன்றாம் வருஷம் பெரியவன் காத்தவராயனின் கல்யாணத்தன்று, மகாபலிபுரத்தை ஒட்டிய இதே குப்பத்தில், இதே சுவரில் சாய்ந்துதான் இந்த வீட்டை முழுசாக எடுத்துக் கொடுத்தார். அது பெரிய பிலிம் போடும் கேமரா, எண்பது எம்.எம். லென்ஸ். போன மாதம் அதை விற்றுத் தள்ளிவிட்டு, கோயில் பார்க்க வந்த வெள்ளைக்காரனிடம் இந்தச் சின்ன பிலிம் கேமராவை வாங்கியிருந்தார். லென்ஸில் எண்பத்தைந்து என்று போட்டிருந்தது. ஐந்துதானே கூட, ஓரடி தள்ளி நின்றால் போச்சு என்று நினைத்துவிட்டார். ஸ்டூடியோவில் ஒற்றை ஆளை உட்காரவைத்து முகம் எடுத்தவரைக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. இப்போதுதான் மண்டையில் உறைத்தது. பிலிம் ஒரு ஜன்னல் மாதிரி. ஜன்னலுக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பது மட்டுமா, ஜன்னல் எவ்வளவு பெரிசு என்பதும்தானே கணக்கு? பிலிம் சுருங்கினால் அதே லென்ஸ் காட்டுவதும் சுருங்கித்தானே போகும்? இதுகூடத் தெரியாமல் இத்தனை வருஷம் தொழில் பார்த்த தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"கொஞ்சம் ஒட்டி நில்லுங்கப்பா."

அண்ணனும் அசையவில்லை, தம்பியும் அசையவில்லை. நாளைக் காலை கொத்தனார் வந்து வீட்டின் நடுவே சுவர் எழுப்பப் போகிறார். அதற்கு முன்னால் முழு வீடும் இரண்டு பிள்ளைகளும் ஒரே படத்தில் வேண்டும் என்று கெஞ்சி, முகம் கொடுத்துப் பேசாத இருவரையும் ஜெகதாம்பாள்தான் இழுத்து வந்து நிறுத்தியிருந்தாள்.

"இன்னா அண்ணாத்த, எம்மா நேரம்? வலை போட்டது போட்டபடி கெடக்குது," என்றான் சின்னவன் தாண்டவராயன்.

"வூடு முழுசா படத்துல வுழலப்பா. புது கேமரா..."

"வுழலன்னா ரெண்டா எடு. ஆளுக்கு ஒண்ணு."

"அதான் சரி," என்றான் காத்தவராயன். பல மாதங்களில் இருவரும் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான்.

"ஒண்ணுல வராதா நைனா?" என்று கேட்டாள் ஜெகதாம்பாள்.

ஏசுதாஸால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வராதும்மா. என் தப்புதான்."

கேமராவை இடப்பக்கம் திருப்பி ஒன்று எடுத்தார். சத்தம் கேட்டதுமே பெரியவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டான். வலப்பக்கம் திருப்பினார். பாதி வாசல். கையைக் கட்டிக்கொண்டு சின்னவன். படத்தின் ஓரத்தில் ஜெகதாம்பாள். பெரியவன் நின்றிருந்த பக்கமாக அவள் ஒரு கையை நீட்டியிருந்தாள். மணிக்கட்டுக்கு அப்புறம் அந்தக் கை படத்தில் இல்லை.