மாசி என்று சொன்னவள்

கொல்லிமலைக்கு எந்த மாதம் ஏறினால் நல்லது என்று கீழ்நாட்டார் யார் கேட்டாலும் மலைமேல் இருக்கிற குண்டூர் நாட்டில் ஒரே பதில்தான். "யாரு கண்டாங்க." அதற்கு மேல் ஒரு சொல் பெயராது.

அது நாட்டார் கூடிச் செய்துகொண்ட கட்டு. மலையில் ராத்தங்கினால் காய்ச்சல் கண்டு செத்துப்போவோம் என்ற பயம் கீழே இருக்கிற வரைக்கும்தான் சர்க்காரின் அளவுச் சங்கிலியும் கோடாலியும் மேலே வராது. காய்ச்சல் வருஷம் முழுக்க இருப்பதில்லை. சித்திரையில் கோடைமழை விழுந்ததும் தொடங்கும், ஐப்பசி அடைமழையோடு அடங்கும். தையும் மாசியும் பழுதில்லாத மாதங்கள். ஓடைகளில் முழங்கால் தண்ணீர்தான், பாறை வழுக்காது, அட்டை கிடையாது. மலையில் பல் முளைத்த பிள்ளைக்கும் இது தெரியும். ஒருவரும் வெளியே சொன்னதில்லை.

அத்தாயி சொன்னாள். சொன்னது சுப்பையனிடம்.

சுப்பையன் மலையடி முள்ளுக்குறிச்சிக்காரன். விடியலில் உப்பும் கருவாடும் துணியும் சுமந்து ஏறுவான். தேனும் சாமையும் மாற்றிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவான். எல்லா மாதமும் வருவான். ஆனால் ஒரு ராத்திரிகூட மேலே கண்ணயர்ந்ததில்லை. அவனுக்கும் அந்தப் பயம் உண்டு. அத்தாயியின் புருஷன் சின்னுசாமி காய்ச்சலில் போன மறு வருஷம், மகள் பொன்னாயிக்கும் அதே காய்ச்சல் கண்டது. சுப்பையன் அன்றைக்கு மூட்டையைப் பாதியில் போட்டுவிட்டு இறங்கினான். தபாலாபீசில் காய்ச்சல் மருந்து, கொயினாப் பொட்டலம் வாங்கி மறுநாள் வெயில் ஏறுமுன் வந்து நின்றான். பிள்ளை பிழைத்தாள்.

உடன்பிறந்தான் இல்லாதவளுக்கு அன்று முதல் அவன்தான் அண்ணன். புதுச் சாமை அறுத்தால் முதல் வள்ளம் அளந்து அண்ணன்தம்பிக்குக் கொடுப்பது மலை வழக்கம். அதன் பிறகு வந்த இரண்டு வருஷமும் காட்டிலேயே, கடுக்காய் மர நிழலில், அவன் துண்டை விரிக்கச் சொல்லி அவள் அளந்து போட்டாள். அவள் பிழைப்பு முழுக்க அந்த ஒரு சரிவுதான். கொத்தால் கொத்தி விதைக்கிற நிலம். வேறு ஒரு முழம் கிடையாது.

டில்லியில் வெள்ளைக்கார ராஜாவுக்குப் பட்டம் கட்டிய மறு வருஷம், கார்த்திகை அறுப்பில், துண்டை முடிந்துகொண்டே சுப்பையன் கேட்டான்.

"தங்கச்சி, அறப்பளீசுரருக்கு ஒரு வேண்டுதலு. ஊட்டுக்காரி, புள்ளைக, பத்துப் பதினஞ்சு பேரு. நாலு ராத்திரி மேல தங்கோணும். எந்த மாசம் வந்தா ஒண்ணும் ஆகாது?"

"யாரு கண்டாங்க" என்று சொல்ல அவள் நாக்கு தானாக எழுந்தது. விழுங்கிக்கொண்டாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறான். தன் பிள்ளைக்கு உயிர் கொடுத்தவன். அவன் பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு எந்தச் சாமி முன்னால் போய் நிற்பது?

"மாசியில வாங்கண்ணா" என்றாள். "பயமில்லாம படுக்கலாம். நான் சொன்னேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லீராதீங்க."

மாசி பிறந்தது. அத்தாயி வீட்டை மெழுகி, அண்ணி வந்தால் படுக்க என்று புதுக் கோரைப்பாய் ஒன்று முடைந்து வைத்தாள். அவள் புத்தியை என்னவென்று சொல்ல. வந்தவர்களில் பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை. சர்வேயர் ஒருவர், சங்கிலி பிடிக்கிற இருவர், எல்லைக்கல் சுமந்த கூலிகள் பத்துப் பேர். முன்னால் வழி காட்டிக்கொண்டு, காக்கிச் சட்டை போட்ட சுப்பையன்.

அவர்கள் நாலு ராத்திரி சுகமாகத் தூங்கினார்கள். ஒருவருக்கும் தும்மல்கூட இல்லை. ஐந்தாம் நாள் சங்கிலி அத்தாயியின் சரிவுக்கு வந்தது.

மாசியில் அந்தக் காட்டைப் பார்த்தால் என்ன தெரியும்? அறுத்த தாளை மாடு மேய்ந்து, அங்கங்கே புல்லும் குத்துச்செடியும் நிற்கும். கொத்துகிற நிலத்துக்கு ஏர்த்தடம் ஏது? சரிவுக்கு வரப்பு ஏது?

"தரிசு" என்றார் சர்வேயர். "சர்க்கார் காட்டோட சேத்துக் கல்லு நடு."

அத்தாயி குறுக்கே போய் நின்றாள். "ஏனுங்க, இது என்ற காடுங்க. ஆடியில வந்து பாருங்க, முழங்கால் உசரம் சாமை நிக்கும்."

"ஆடி மழையில யாரும்மா மலை ஏறுவாங்க? இந்த மாசத்துல உழவு இல்ல, பயிர் இல்ல. நான் கண்ணால பாக்கறததான் எழுத முடியும்."

ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி, "பாட்டன் காலத்துல இருந்து அவிக பாடுபடற காடுங்க" என்றார்.

சர்வேயர் கெட்டவர் இல்லை. "மலையில எல்லாருமே அப்படித்தான் சொல்றீங்க. கீழ்நாட்டு ஆளு ஒருத்தர் பார்த்தேன்னு சொல்லட்டும், அவ பேருக்கே எழுதறேன்" என்றவர் திரும்பினார். "சுப்பையா, நீ வருஷம் பூரா வந்து போற ஆளுதானே. இங்க வெள்ளாமை பார்த்திருக்கியா?"

அத்தாயிக்கு உயிர் வந்தது. அண்ணன் இருக்கிறான். பொய் சொல்லி அழைத்து வந்தது தப்புத்தான், பிழைப்புக்குச் செய்திருப்பான், போகட்டும். இந்தக் காட்டுச் சாமையைத் தின்ற வாய் இதிலே பொய் சொல்லாது என்று முழுசாக நம்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

சுப்பையன் கடுக்காய் மரங்களைப் பார்த்தான். சரிவில் நின்ற நாலு மரமும் அந்த மாசியில் நன்றாகக் காய்த்திருந்தன.

"யாரு கண்டாங்க" என்றான்.

கல் நட்டார்கள். அவன் துண்டு விரித்த அதே இடத்துக்கு நாலடி தள்ளிக் குழி தோண்டினார்கள். அத்தாயி அழவில்லை. அறுத்த தாளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நிலம் போனதைவிட, அவன் அந்தச் சொல்லை எடுத்துப் பேசியதுதான் அவளைக் கொன்றது. அவனுக்காக அவள் விழுங்கிய சொல் அல்லவா அது.

அர்த்தனாரி அவள் பக்கத்தில் வந்து நின்றார். மாசி என்று சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மறுநாள் இறங்குமுன் கூலி ஒருவன் அவள் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டான். குழந்தைவேல் என்று பெயர், தோளில் கல் அழுத்திய புண். தண்ணீரைக் குடித்துவிட்டு, மனசு கேட்காமல் சொன்னான். "அந்தச் சரிவு சர்க்காருக்குப் போனா கடுக்காய்க் குத்தகை சுப்பையனுக்குத்தானுங்க. போன ஐப்பசியிலயே பேசி வெச்சது."

ஐப்பசி என்றால், கார்த்திகையில் முதல் வள்ளம் வாங்கியது அதற்குப் பிறகு. அத்தாயி சொம்பை வாங்கி வைத்தாள்.

"சாமி, இனி எப்பக் கூப்பிட்டாங்கன்னாலும் தை மாசியத் தவிர வந்துராதீங்க. கோடைமழைக்கு மேல உசிருக்கு ஆகாது. கூட வந்த ஆளுககிட்டயும் சொல்லுங்க" என்றாள். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

எல்லாரும் இறங்கத் தொடங்கிய பிறகு சுப்பையன் வந்தான். உள்ளே வரவில்லை. கொயினாப் பொட்டலம் ஒன்றை வாசல்படியில் வைத்தான்.

"கோவம் வேண்டாம் தங்கச்சி. நான் இல்லாட்டி இன்னொருத்தன் கூட்டியாந்திருப்பான்." போகத் திரும்பியவன் மறுபடி கேட்டான். "கல்லெல்லாம் சரியா நிக்குதான்னு பாக்க வைகாசியில வரச் சொல்றாங்க. மூணு ராத்திரி நான் தங்கோணும். அந்த மாசம் எப்படி, காய்ச்சல் இருக்குமா?"

கோரைப்பாய் இன்னும் சுவரோரம் சுருட்டியபடி நின்றது. அத்தாயி பொட்டலத்தை எடுத்து அவன் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"யாரு கண்டாங்க" என்றாள்.