பொய் ஆன்டெனா

காலை ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் மைக்கைக் கையில் எடுத்துப் பட்டனை அழுத்தியதும் நான் அடுப்படியில் நின்றபடி தொண்டையைச் செருமிக்கொள்வேன். பிறகு மூக்கால் பேசுவேன். "புதுசா யாராவது இருக்கீங்களா? இருந்தா அழைப்புக்குறியச் சொல்லுங்க." கூடத்து மேசையிலிருந்து பதில் வர வேண்டும். சில நாள் பால் பொங்கி, நான் அடுப்பை அணைத்து, காபி கலந்து முடிக்கும் வரையிலும் வராது.

அவருக்குப் பேச்சு திக்கும். பல் ஆய்வகத்தில் பொய்ப்பல் செய்கிறார். நாள் முழுக்க மெழுகும் அச்சுமாகப் பிறத்தியார் வாய்களோடு குடித்தனம். தன் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாத உத்தியோகம். நான் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். வந்தவர்கள் ஊசியைப் பார்க்காமல் இருக்க எதையாவது வளவளவென்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் பேச்சு என் இலாகா. போன் வந்தால் நான் எடுப்பேன். கடையில் அவர் ஆரம்பித்ததை நான் முடிப்பேன். பதினெட்டு வருடமாக இப்படித்தான். அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்திருந்தால் அதையும் நானே முடித்திருப்பேன்.

அப்படிப்பட்ட மனிதர் அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுதிப் பாஸாகி, உரிமத்தோடு வந்து நின்றார். அதில் அவருக்கென்று ஓர் அழைப்புக்குறி இருந்தது. உலகத்தில் இன்னொருவருக்குக் கிடையாது. வெறும் எழுத்தாகச் சொன்னால் இரைச்சலில் குழம்பும் என்று ரேடியோக்காரர்கள் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். இவருடையது 'டாங்கோ, பாப்பா' என்று முடிகிறது. 'ட'வும் 'ப'வும்தான் அவருக்கு ஜென்ம விரோதிகள். "பாத்துப் பாத்துக் குடுத்திருக்கான் பாருங்க" என்றேன். அவர் சிரித்தார்.

ஊரில் இவரைப்போல உரிமம் வாங்கிய ஹாம்கள் தினமும் மாலை ஏழு மணிக்கு ஓர் அலைவரிசையில் கூடுவார்கள். மூக்கால் பேசும் ஒருவர் வருகை எடுப்பார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் செருமுவதால் அவருக்குச் செருமல்காரர் என்று நான் பெயர் வைத்திருந்தேன். எல்லாரையும் கூப்பிட்டு முடித்தபின், புதிதாக வருகிறவர்களுக்காகப் பத்து வினாடி விடுவார். அந்தப் பத்து வினாடியும் இவர் கட்டைவிரல் கையடக்க செட்டின் பட்டன்மேல் இருக்கும். அழுத்தாது. "சரி, யாரும் இல்ல போலிருக்கு" என்பார் செருமல்காரர். இவர் செட்டை அணைத்துவிட்டுச் சாப்பிட வந்து, தட்டில் பாதியை மிச்சம் வைப்பார். ஐந்து மாதம் இந்தக் கூத்து. நான் பேசிவிடலாம் என்றால் சட்டம் இடம் கொடுக்காது, உரிமம் அவர் பெயரில் இருக்கிறது.

ஒத்திகை பார்க்கலாம் என்பது என் யோசனை. மேசையில் பெரிய செட் ஒன்று வாங்கி, அதே அலைவரிசையில் வைத்திருந்தார். அதற்குப் பொய் ஆன்டெனா என்று ஒரு டப்பாவை மாட்டினார். செட் அனுப்புவதையெல்லாம் அது சூடாக்கி விழுங்கிவிடுமாம், ஒரு சொல் வாசலைத் தாண்டாதாம். பொய்ப்பல்காரருக்குப் பொய் ஆன்டெனா, பொருத்தம்தான் என்றேன். நிஜ ஆன்டெனா மொட்டைமாடியில் கட்டியாகிவிட்டது. அதன் வயர் ஜன்னல் வழியாக வந்து மேசைக்குப் பின்னால் சும்மா தொங்கியது. இரைச்சல் கேட்டால் பதற்றம் கூடுகிறது என்று செட்டின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுத்தான் மைக்கை எடுப்பார்.

மூன்று வாரத்தில் முன்னேற்றம் இருந்தது. 'டாங்கோ' இரண்டு மூன்று முட்டலில் வந்துவிடும். 'பாப்பா'தான் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். என்னால் பொறுக்க முடியாது. அடுப்படியிலிருந்து "பாப்பா" என்று கத்திவிடுவேன்.

"நீ சொல்லாத. நா... நானே சொல்லிக்கறேன்."

"சரி சரி, மறுபடி முதல்லேருந்து." செருமுவேன்.

ஒரு வியாழக்கிழமை மாலை. கையடக்க செட்டில் வருகை முடிந்தது. செருமல்காரர் வழக்கம்போல, "புதுசா யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். பத்து வினாடி போயிற்று. இருபது போயிற்று. இவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் குறுக்கே வரவில்லை. ஒரு நிமிடம் கழிந்தபின் செருமல் கேட்டது.

"அவசரமே இல்ல. நாலு நாளா காலைல கேட்டுக்கிட்டுதான் இருக்கோம். பதில் சொல்லிப் பாத்தோம், உங்களுக்குக் கேக்கல போல. நிதானமா வாங்க." மறுபடி ஒரு செருமல். "உங்க வீட்டுல எனக்குப் பதிலா ஒருத்தங்க வருகை எடுக்கறாங்க. என்னைவிட நல்லாவே எடுக்கறாங்க."

இவர் எழுந்துபோய் மேசைக்குப் பின்னால் குனிந்தார். பொய் ஆன்டெனா தரையில் தனியாகக் கிடந்தது. செட்டின் முதுகில் மாடியிலிருந்து வந்த வயர் திருகி மாட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான்தான் எல்லாவற்றையும் கழற்றித் தூசி தட்டினேன். தொங்கிக்கொண்டிருந்த நீள வயர்தான் முக்கியமானது போலத் தெரிந்தது. கை நோக இறுக்கி மாட்டிவிட்டு, அந்த டப்பாவைத் தள்ளி வைத்தேன்.

"நான்தாங்க. தொடைச்சப்ப மாத்தி மாட்டிட்டேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நாலு நாள் அவர் முட்டி மோதியதையெல்லாம் ஊர் கேட்டிருக்கிறது. நான் எடுத்துக்கொடுத்த 'பாப்பா'க்களையும் கேட்டிருக்கிறது. இனி இந்தச் செட்டை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவார், என்னிடம்கூட வாய் திறக்க மாட்டார் என்று பயந்தேன். வெட்கமாகவும் இருந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கையடக்க செட்டை அணைத்தார். பெரிய செட்டின் மைக்கை எடுத்து, உதட்டுக்கு நாலு விரல் தள்ளிப் பிடித்து, பட்டனை அழுத்தினார். செட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

முதல் எழுத்துகள் தடையில்லாமல் வந்தன. 'டாங்கோ' நாலு தடவை முட்டி வெளியே விழுந்தது. அடுத்ததற்கு உதடு மூடியது, மூடியபடியே நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கு நுனிநாக்கில் சொல் வந்துவிட்டது.

பரீட்சைக்குப் படித்தபோது அவர் எனக்குச் சொன்னதுண்டு. பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரை அழுத்தியவருக்கு வேறு யார் குரலும் கேட்காது. கேட்கிறவர்கள் அவர் விடும்வரை காத்திருக்க வேண்டும். செருமல்காரரும் மற்ற முப்பது பேரும் அவரவர் வீட்டில் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அவரை மறித்துப் பேசக்கூடியவள் நான் ஒருத்திதான்.

உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். உதடு இன்னும் பிரியவில்லை. கட்டைவிரல் நகம் வெளுத்துப்போகும் அளவுக்கு அவர் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார். விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.