புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம்

காலை எட்டரை மணிக்கு அனுப்ப வேண்டிய வரிசையில் இருநூற்றுப் பதினொரு படங்கள் நின்றன. ஒன்பதுக்குள் அது நானூறாகும். திரையின் ஓரத்தில் ஏறிக்கொண்டிருந்த எண்ணைப் பார்த்தபடியே அவள் பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வைத்த வாளி தளும்பிக்கொண்டிருந்தது. அதைக் காலால் மெல்ல நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

வீட்டுக்கே நர்ஸை அனுப்பும் நிறுவனம் அது. நடமாட முடியாதவர்கள், அறுவை முடிந்து படுத்திருப்பவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள் என்று ஐந்நூறுக்கு மேல் வீடுகள். நர்ஸ் உள்ளே போனதும் கைப்பேசியில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அவர் நிற்கும் இடம் எண்களாக சர்வருக்கு வந்து சேரும். சர்வர் அந்த இடத்தின் வரைபடத்தைப் படமாக்கி, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவைக்கும். பெரிதாக்கவோ நகர்த்தவோ முடியாத வெறும் படம். எந்தப் பழைய போனிலும் திறக்கும். கீழே, ‘உங்கள் நர்ஸ் வந்துவிட்டார்’ என்று ஒரு வரி.

அந்தப் படத்தை வரையும் நிரல் அவளுடையது. பைத்தான் என்ற நிரல்மொழியில் அதற்கென்றே ஆயத்தமாக ஒரு லைப்ரரி உண்டு. இடத்தின் எண்களைக் கொடுத்தால் போதும். சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருக்கும் வரைபடத் துண்டுகளை எங்கிருந்தோ இழுத்து வந்து, தரைக்கு ஓடு பதிப்பதுபோல் பக்கம் பக்கமாக ஒட்டி, மேலே ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கையில் கொடுத்துவிடும். அலுவலகத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மேப்பு என்றால் அவள்தான். “மேப்பு, படம் வரலைன்னு ஒருத்தர் காதைக் கிழிக்கிறார்” என்று புகார்ப் பிரிவிலிருந்து குரல் வரும். அவளும் “இதோ” என்பாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் சர்வருக்கு மூச்சு முட்டியது. ஒன்பது மணிப் படம் பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. மேலாளர் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

“அதே வீடு, அதே தெரு. தினமும் எதுக்குப் புதுசா வரையணும்? நேத்து வரைஞ்சதையே எடுத்து அனுப்ப முடியாதா?”

முடியவில்லை. போன் நேற்றுச் சொன்ன எண்ணை இன்று சொல்லாது. நர்ஸ் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றால் ஒன்று சொல்லும், அந்தப் பக்கம் நின்றால் வேறொன்று. அவள் இரண்டு நாள் மண்டையைப் போட்டுக் குழப்பி ஒரு வழி கண்டுபிடித்தாள். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம் வந்துகொண்டிருந்தது. கடைசி மூன்றை வெட்டிவிட்டாள். அக்கம்பக்கத்து இடங்களெல்லாம் ஒரே எண்ணாகிவிட்டன. ஐந்தில் நான்கு படத்தை வரையவே வேண்டாம், இருப்பதை எடுத்து நீட்டினால் போதும். வாராந்திரக் கூட்டத்தில் மேலாளர் எழுந்து நின்று கைதட்டினார். ஒப்பந்தத்தில் அவளுக்கு அது பதினொன்றாவது மாதம். பன்னிரண்டு முடிந்தால் நிரந்தரம் என்று பேச்சு.

மூன்று இலக்கம் போனால் புள்ளி எவ்வளவு நகரும் என்று அவளுக்கு அப்போதே தெரியும். சுமார் நூறு மீட்டர். தெரு தெரிந்தால் போதாதா என்று நினைத்திருந்தாள்.

பதினோரு மணிக்குப் பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தபோது வரவேற்பறையில் ஒரு நர்ஸம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. மடியில் இஸ்திரி போட்ட இரண்டு சீருடை, அதன்மேல் அடையாள அட்டை, அதன்மேல் ஒரு உறை. எல்லாவற்றையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வந்தவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. வாங்கிக்கொள்ள வேண்டிய பெண் மேசையில் இல்லை.

“ஏம்மா, உள்ளதான் வேலையா?”

“ஆமாக்கா.”

“இந்த மேப்பெல்லாம் யாரு போடுறது?”

அவள் பாட்டிலை மூடினாள். “எதுக்குக்கா?”

நர்ஸம்மா உறையிலிருந்து காகிதத்தை எடுத்தார். பணிநீக்கக் கடிதம். காரணம் ஒரே வரி: பணி நேரத்தில் பணியிடத்தில் இல்லாமை. பின்னால் இணைத்த தாளில் ஆறு படம்.

“இதுல நான் பூங்காவுல உக்காந்திருக்கேனாம். ஆறு நாளா. பச்சையா இருக்கு பாரு, அதுதான் பூங்கா. வீடு ரோட்டுக்கு இந்தப் பக்கம். ஒரு நாளைக்கு ஏழு வீடும்மா எனக்கு. ஒரு வீட்டுல இருந்து அடுத்த வீட்டுக்கு ஓடவே நேரம் பத்தல, இதுல பூங்காவுக்குப் போய் எங்க காத்து வாங்க?”

“வீட்டுல இருக்கறவங்க சொல்லலையா?”

“அவர் ஒருத்தர்தான். ஞாபகம் தப்பினவரு. குளிப்பாட்டி, சட்டை மாத்தி, மாத்திரையைக் குடுத்துட்டு நான் படி இறங்குறதுக்குள்ள மறந்துடுவாரு. மக போன்ல கேட்டிருக்கு, நர்ஸ் வந்தாங்களாப்பான்னு. யாரும் வரலையேன்னுட்டாரு. அவர் மேல கோவிச்சுக்க முடியுமா? என்னை அவரோட தங்கச்சின்னு நெனச்சுக்கிட்டு, மாப்பிள்ளை வரலையாம்மான்னு தினம் கேப்பாரு.” அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது. “பத்தொன்பது வருஷம். ஆஸ்பத்திரியில பன்னெண்டு, இங்க ஏழு. ஒரு சொல் கேட்டதில்ல. கடைசியில புள்ளி வச்சுட்டாங்க.”

மேப்பு ஆறு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆறிலும் புள்ளி ஒரே இடத்தில், மயிரிழை பிசகாமல். ஒரு மனுஷி ஆறு நாளும் அதே பெஞ்சில் உட்காரலாம். போன் ஆறு நாளும் அதே எண்ணைச் சொல்லாது. இலக்கம் வெட்டிய எண்தான் அப்படி அசையாமல் நிற்கும்.

“இதை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாக்கா?”

“எடுத்துக்கோ. உனக்கெதுக்கும்மா?”

“பாக்கறேன்” என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே போய்ப் பழைய பதிவுகளைத் திறந்தாள். வெட்டுவதற்கு முந்தைய முழு எண்கள் முப்பது நாள் இருக்கும், பிறகு தானாக அழியும். அந்த ஆறு நாளின் எண்களை எடுத்து, ஆறு இலக்கத்தோடு மறுபடி வரையவிட்டாள். துண்டுகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. ஐந்து புள்ளி வீட்டுக்குள் விழுந்தது. ஒன்று வாசற்படியில். பூங்கா பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

புகார்ப் பிரிவில் கேட்டுப் பார்த்தாள். இந்த மூன்று வாரத்தில் படத்தை வைத்து எச்சரிக்கை போனது ஒன்பது பேருக்கு. வேலை போனது நான்கு பேருக்கு. பதின்மூன்று பேரின் பதிவையும் வரைந்தாள். பன்னிரண்டு பேர் இருக்க வேண்டிய வீட்டில்தான் இருந்தார்கள். எச்சரிக்கை வாங்கிய ஒருத்தி மட்டும் நிஜமாகவே பேருந்து நிறுத்தத்தில் இருந்தாள். அந்த ஒன்றை அவள் மூடி வைத்தாள்.

மேலாளர் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். பொல்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. அவள் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது கேட்காமலே மூன்று நாள் விடுப்புக் கொடுத்தவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு டப்பாவை மூடினார்.

“இலக்கத்தைப் பழையபடி வச்சிடுங்க. இன்னைக்கே.”

“வச்சுட்டேன் சார். அந்த நாலு பேரு?”

“அது புகார்ப் பிரிவு எடுத்த முடிவு. வாடிக்கையாளரையும் கேட்டுட்டுத்தான் எடுத்தாங்க.”

“ஞாபகம் தப்பினவர்கிட்ட கேட்டிருக்காங்க சார்.”

“ஒரு கல்லை உருவினா சுவரே சரியும்மா. மூணு வாரமா ஐந்நூறு வீட்டுக்குத் தப்பான படம் அனுப்பினோம்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? அப்புறம் எவன் நம்பி அப்பாவை நம்மகிட்ட விடுவான்?” கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். “அந்த மாத்தம் யார் பேர்ல போயிருக்கு?”

“என் பேர்ல.”

“அடுத்த வாரம் உங்க ஃபைல் மேல போகுது. நல்லபடியாத்தான் எழுதி வச்சிருக்கேன். புதுசா யோசிக்க ஒண்ணுமில்ல. பழசை நோண்டாம இருந்தாப் போதும்.”

தப்பான படம் போன முதல் நாளின் முழு எண்கள் அழிய ஒன்பது நாள் இருந்தது.

அன்று மாலை வீட்டில் கணவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆலையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. மற்ற நாளில் சமையல் அவனுடையது. அவள் அடுப்படி வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

“நூறு மீட்டர்னா எவ்ளோ?” என்று கேட்டான்.

“நம்ம வாசல்ல இருந்து முனை மருந்துக்கடை.”

அவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். மருந்துக்கடையின் பச்சை விளக்கு சின்னதாகத் தெரிந்தது.

“அது வேற யார் இடமோ ஆச்சே. தெரிஞ்சா வெட்டின?”

“தெரியும். நாலு வீடு தள்ளி விழுந்தா யார் கவனிக்கப் போறாங்கன்னு நெனச்சேன். முக்கால்வாசிப் பேர் கவனிக்கவும் இல்ல.”

அவன் உரித்ததையெல்லாம் நறுக்கி முடித்தான். பிறகு கத்தியைக் கழுவிக்கொண்டே, “எனக்குப் பயமாத்தான் இருக்கு” என்றான். “ஆனா நாளைக்கு உன்னை ஒரு பூங்காவுல கொண்டு போய் வச்சா, எவன் வந்து சொல்லுவான்?”

மறுநாள் எட்டு மணிக்கே போய்விட்டாள். பன்னிரண்டு பேர் போன வீடுகளுக்கும் சரியான படங்களை வரைந்து அடுக்கினாள். கீழே வழக்கமாக வரும் வரியை எடுத்துவிட்டு வேறு எழுதினாள்: ‘முன்பு அனுப்பிய படத்தில் புள்ளி தவறான இடத்தில் விழுந்திருந்தது. பிழை எங்கள் நிரலில் இருந்தது. நர்ஸ் உங்கள் வீட்டில்தான் இருந்தார்.’ இரண்டு தடவை படித்தாள். அனுப்பு என்று கொடுத்தாள். எண்பத்து மூன்று படம் போய்ச் சேர ஒன்றரை நிமிடம் ஆனது. அதன் பிறகு எழுந்து போய் வாளியைக் காலி செய்துவிட்டு வந்தாள்.

பத்து மணிக்குப் போன்கள் அடிக்கத் தொடங்கின. பெரியவரின் மகள்தான் முதலில். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் அறை முழுக்கக் கேட்டது. “அந்தம்மாவை நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். இப்போ வர்ற பொண்ணைக் கண்டா அப்பா மூலையில போய் உக்காந்துக்கறார். அவங்களையே அனுப்புங்க, தயவுசெஞ்சு.” மேலாளர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று முழுக்க அவர் அவளைக் கூப்பிடவில்லை. திட்டவும் இல்லை.

ஒரு வாரத்தில் அவள் ஃபைல் திரும்பி வந்தது. நிரந்தரம் இல்லை, ஒப்பந்தம் மூன்று மாதம் நீட்டிப்பு. சர்வருக்கு இன்னொரு இயந்திரம் வாடகைக்கு எடுத்தார்கள். முன்பே செய்திருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. வேலை போன நான்கு பேரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். ஒருத்தி வேறிடத்தில் சேர்ந்துவிட்டிருந்தாள். ஒருத்தி போனை எடுக்கவில்லை. இன்னொருத்தியின் போன் எண்ணே உபயோகத்தில் இல்லை. நர்ஸம்மா மட்டும் வந்தார்.

அவரை மாடிப்படியில் பார்த்தாள். கையில் புது அடையாள அட்டை.

“மூடின ஊழியர் நம்பரைத் திரும்பத் திறக்க முடியாதாம்” என்றார் நர்ஸம்மா. “கம்ப்யூட்டர் ஒத்துக்காதாம். புதுசா சேர்ந்த மாதிரிதான் கணக்கு. மூணு வாரம் பயிற்சி, ஆறு மாசம் தகுதிகாண். ஏழு வருஷம் போன இடம் தெரியல. நீதான் அந்தப் படத்தைத் திருத்தினியாமே?”

“ஆமாக்கா.” அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். “முதல்ல தப்பா வரைஞ்சதும் நான்தான்.”

நர்ஸம்மா அவளைப் பார்த்தார்.

“ரெண்டும் நீதானா?”

“ரெண்டும் நான்தான்.”

நர்ஸம்மா அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். இரண்டு படி ஏறியவர் நின்று திரும்பினார். “அந்தப் பெரியவர்கிட்ட இப்போ போற பொண்ணுக்கு, மாத்திரையைப் பொடி பண்ணிக் குடுக்கணும்னு தெரியுமா? முழுசா குடுத்தா கன்னத்துல அடக்கி வச்சுக்குவாரு.”

“சொல்லச் சொல்றேன்க்கா.”

மதியம் எதற்கோ மாடிக்குப் போனபோது பயிற்சி அறையின் கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது. இருபது இருபத்திரண்டு வயதுப் பெண்கள் பத்துப் பேர், கையில் புது நோட்டோடு ஒரு கட்டிலைச் சுற்றி நின்றார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் படுக்கவைக்கும் பாடம். பயிற்சிக்கு வைத்திருந்த பொம்மை பழுதாகியிருந்ததால் கட்டிலில் நர்ஸம்மாவைப் படுக்கவைத்திருந்தார்கள். பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கையில் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வாசித்தாள்.

இரண்டு பெண்கள் குனிந்து நர்ஸம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்கள். உடம்பு பாதி திரும்பி நின்றது. ஒரு கை அடியில் மாட்டிக்கொண்டது.

“கையைப் பிடிச்சு இழுக்காத பாப்பா, தோள் எலும்பு நழுவிடும். முதுகுக்கு அடியில கை குடு” என்றார் நர்ஸம்மா.

பயிற்சிக்காரப் பெண் தாளிலிருந்து நிமிர்ந்தாள். “நோயாளி பேசக் கூடாதும்மா.”

பெண்கள் சிரித்தார்கள். நர்ஸம்மாவும் லேசாகச் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். இரண்டு பெண்களும் மறுபடி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.