கிளாரிசா வந்தது

1

இந்தக் கதை சிவப்பு மையில் தொடங்கியது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தங்கையைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதி, க்ளுவாங்கில் தமிழாசிரியையாக இருக்கும் பிரவீனாவிடம் படிக்கக் கொடுத்தேன். எழுதுகிற ஆசையில் மாதம் ஒருமுறை கூடும் நான்கைந்து பேரில் அவரும் ஒருவர். பிழை பார்ப்பதில் ஈவிரக்கம் கிடையாது. தாள் திரும்பி வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் வட்டங்கள். ‘கிளாரிசா வந்தது.’ ‘கிளாரிசா உட்கார்ந்தது.’ ‘கிளாரிசா அழுததா என்று தெரியவில்லை.’

“என்ன செபஸ்தியன், தங்கச்சியைப் போய் அஃறிணையில எழுதியிருக்கீங்க? எங்கம்மாவும் என்னை அப்படித்தான் சொல்வாங்க, ‘அது இன்னும் சாப்பிடல’ன்னு. அது செல்லம். இது செல்லம் மாதிரி தெரியலையே.”

வேண்டுமென்று எழுதவில்லை. எட்டுப் பக்கத்தையும் மூன்று முறை படித்துத் திருத்தியிருந்தேன். ஒரு இடம்கூடக் கண்ணில் படவில்லை. 

2

எழுதிப் பாதியில் விட்ட தொடக்கங்கள்:

லாயாங் லாயாங் ரயில் நிலையத்துக்கு எதிரே, டயர் கடை மாடியில் எங்கள் சபை — [சபை என்று எழுதினால் மற்ற சபைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.]

அது ஒரு தடம் மாறிய கூட்டம். அங்கே மனிதர்களை — [பதினோரு வருஷம் உள்ளே இருந்தவன், யாரோ ஊரார் கதை போல எழுதுகிறேன் பாருங்கள்.]

திமோத்தி அண்ணன் நல்லவர்.

இந்தக் கடைசி வாக்கியத்தை என்னால் அடிக்க முடியவில்லை. ‘விழித்திருப்போர் இல்லம்’ என்று பெயர் வைத்துக்கொண்ட முப்பது பேருக்கு அவர்தான் தலைவர். யாரையும் பூட்டி வைத்ததில்லை, அடித்ததில்லை. வெள்ளம் வந்த வருஷம் எங்கள் அம்மாவை இடுப்பளவுத் தண்ணீரில் முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தவர். அவரைப் போலிச் சாமியார் என்று எழுதிவிட்டால் கதை சுலபமாக முடியும். ஐயோ அலமாக், அந்த ஆசை எனக்கும் இல்லாமலில்லை.

அவர் ஒரே ஒரு சொல்லைத்தான் பயன்படுத்தினார். யாராவது எதிர்த்துக் கேட்டால், விலகிப் போனால், “அவருக்கு அமைதி கொடுத்திடுவோம்” என்பார். குரல்கூட உயராது. அதற்குப் பிறகு அந்த ஆளோடு நாங்கள் பேசமாட்டோம். எதிரே வந்தாலும் பார்க்கமாட்டோம். பேச்சில் தப்பித்தவறி வந்துவிட்டால், ‘அது’. இப்படிச் சொல்லுங்கள் என்று யாரும் கட்டளை போடவில்லை. ஒரு வாரத்தில் எல்லார் வாயும் தானாகத் திரும்பிவிடும்.

3

கிளாரிசா செய்த குற்றம் ஒரு தொலைபேசி அழைப்பு. வேலு என்பவருக்கு நாங்கள் முன்பே அமைதி கொடுத்திருந்தோம். எங்களோடு இருந்த அவருடைய அப்பா இறந்துபோனார். வேலுவுக்குத் தகவல் சொல்ல வேண்டாம் என்று முடிவானது. “அப்பா செத்ததப் புள்ளைக்குச் சொல்லக்கூடாதுன்னா, அது என்ன சாமி?” என்று கூட்டத்தின் நடுவில் கேட்டுவிட்டு, வெளியே போய் வேலுவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

(சொன்னாள். அந்த ‘ள்’ளை எழுத எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று உங்களுக்குத் தெரியாது.)

அடுத்த ஞாயிறு அவளுக்கும் அமைதி. சிங்கப்பூரில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்து, ஜொகூர் பாருவில் அறை எடுத்துக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்தது — வந்தாள். நானும் அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா போனபிறகு நாங்கள் மூன்று பேர்தான். கிளாரிசா அவளே தட்டை எடுத்து, சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றி எங்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். பஸ்ஸில் கூட்டம் என்றாள். குழம்பில் புளி தூக்கல் என்றாள். நாங்கள் மென்றுகொண்டிருந்தோம். சாப்பிட்டு முடித்தாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள், போய்விட்டாள்.

அம்மா எழுந்துபோய் அந்த ஈரத் தட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“பூனை வந்துச்சு போல,” என்றார்.

நான் ஆமாம் என்றேன். அன்று மாலையே கடைக்குப் போய் வாசல் கேட்டுக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தேன், பூனை வராமல் இருக்க. கம்பி இடைவெளியில் பூனை நுழைந்துவிடும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. உண்மையாகவே பூனை என்று நம்பினேன். பொய் சொல்லியிருந்தால்கூட இன்றைக்கு இவ்வளவு பயமாக இருக்காது.

4

கட்டுரை மாதிரி ஒரு பத்தி வருகிறது. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

ஒதுக்கி வைப்பது நமக்குப் புதிதா என்ன? பெக்கோக்கில் இருக்கும் பெரியம்மா, கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் கீழே போனதற்காகப் பதினான்கு வருஷம் எங்களோடு பேசவில்லை. அவரைப் பற்றி யாரும் கட்டுரை எழுதமாட்டார்கள். ஆனால் பெரியம்மா ஒவ்வொரு துக்க வீட்டிலும் எங்கள் காதில் விழும்படி திட்டினார். திட்டுவதற்காவது எதிரில் ஒரு ஆள் வேண்டும். எங்கள் கூட்டத்தில் அந்த ஆளே இல்லாமல் போய்விடும். வித்தியாசம் இதுதான் என்று எழுதிப் பெருமையாகப் பிரவீனாவுக்கு அனுப்பினேன். அவர் ஓரத்தில் கேட்டிருந்தார்: ‘சரி, அந்தக் கூட்டம் இப்போ எங்க இருக்கு?’

எங்கும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் திமோத்தி அண்ணன் மகனோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். டயர் கடை மாடியில் இப்போது டியூஷன் நடக்கிறது. மற்றவர்கள் வேறு வேறு சபைகளில் சேர்ந்துவிட்டார்கள். வேலுவோடுகூடச் சகஜமாகப் பேசுகிறார்களாம். போதும், இனிமேல் பேசலாம் என்று எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அதை யார் சொல்ல வேண்டும் என்றும் தெரியவில்லை.

[ஒரே ஒருத்தன் மிஞ்சியிருந்தால் அதைக் கூட்டம் என்று சொல்லலாமா?]

5

அம்மாவுக்கு மறதி நோய் வந்தது. முதலில் மறந்துபோனது அந்த அமைதியைத்தான். “கிளாரிசா எங்கப்பா, இன்னும் காணோம்?” என்று சாயங்காலம் தவறாமல் கேட்டார். ஒரு வருஷம் கேட்டார். நான் ஒரு போன் பண்ணியிருக்கலாம். டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

இப்போது கேட்பதில்லை. என் பெயரும் போய்விட்டது. முகங்கள் இன்னும் சில மாதம் நிற்கலாம், சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். இதை எழுத எழுத என் மேலேயே அருவருப்பாக வருகிறது.

கிளாரிசா வருவதை நிறுத்தவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, மதியம் இரண்டரைக்கு வந்து, பூட்டிய கேட்டுக்கு வெளியே கால் மணி நேரம் நிற்கிறாள். பேசிப் பார்க்கிறாள். போகிறாள்.

6

முடிவு ஒன்று: நான் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்து தங்கையைக் கட்டிக்கொண்டு — [நான் அப்படிப்பட்டவன் இல்லை.]

முடிவு இரண்டு: கிளாரிசா சலித்துப்போய் வராமலேயே இருந்துவிடுகிறாள். [பிரவீனா: ‘இது உங்களுக்கு வசதியான முடிவு.’]

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை. அது இப்போது நடந்துகொண்டிருக்கிறது. இன்று முதல் ஞாயிறு. ஹாலில் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். கிளாரிசா வெளியே நிற்கிறாள். வழக்கமாக இந்த நேரத்தில் தூங்கும் அம்மா, இன்றைக்கு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

“யாருங்க வேணும்?”

“உங்களத்தாம்மா பார்க்க வந்தேன்.”

அம்மா கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். “எங்க வீட்லயும் ஒரு பொண்ணு இருந்துச்சு. ஒங்க ஜாடைதான். வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க.”

கேட்டை இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

“சாவி அதுகிட்ட இருக்கு. எப்பவும் உள்ளயே இருக்கும். பேசாது. பயப்படாதீங்க, ஒன்னும் செய்யாது.”

எழுதிய கை நின்றுவிட்டது. பிறகு, பழக்கம் விடாமல், அதையும் எழுதிவிட்டேன்.

கிளாரிசா ஜன்னலைப் பார்த்தாள்.

“அண்ணே, தொறங்க. அம்மாவுக்கு என்னை இன்னும் கொஞ்சம் தெரியுது.”

7

சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. நாற்காலியிலிருந்து கேட்டுக்குப் பன்னிரண்டு அடிகூட இருக்காது.

எழுதிக்கொண்டிருக்கும்வரை நான் எழுந்து போக வேண்டியதில்லை. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்வரை நான் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். இத்தனை நேரமும் உங்களைத்தான் சாக்காக வைத்து உட்கார்ந்திருக்கிறேன். அவளை என்ன சொல்லி உள்ளே கூப்பிடுவது என்பதைப் பற்றி இன்னும் ஒரு பக்கம் என்னால் எழுத முடியும், நன்றாகவே எழுதுவேன். வெளியே இரண்டு பேரும் வெயிலில் நிற்கிறார்கள்.

தயவுசெய்து இதற்கு மேல் படிக்காதீர்கள்.